இளவேனிலும் வெற்று வாங்குகளும்

இளவேனிலைப் பற்றி எழுதுவதற்குத் தமிழில் எவருக்கும் இளவேனில் தேவைப்படுவதில்லை. தென்றல் ஒன்று, குயில் ஒன்று, மாந்தளிர் சில, வண்டுகள் வேண்டிய அளவு. இவற்றை ஒழுங்காக அடுக்கிவிட்டால் கட்டுரை முடிந்துவிடுகிறது. எழுதுபவர் சன்னலைத் திறந்து வெளியே பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பதினான்கு வயது மாணவன் எழுதும் பயிற்சிக் கட்டுரை முதல், பெயர் பெற்ற கவிஞர் மேடையில் வாசிக்கும் கவிதை வரை இதே பழஞ்சரக்குத்தான் கைமாறி வருகிறது. இந்தச் சரக்கை நாமும் பல ஆண்டுகள் வகுப்பறையில் விற்றோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். பிறரைக் கண்டிக்கப் புறப்படுகிறவன் தன் கணக்கை முதலில் காட்டுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்தில், 'இளவேனிலின் வருகை' என்ற தலைப்பைக் கரும்பலகையில் எழுதிக் கட்டுரை வரையச் சொன்னோம். மாணவன் ஒருவன் ஒரு பக்கம் எழுதியிருந்தான். வாடை விழுந்ததும் தன் தந்தை கரைவலைக்குப் போவார் என்றும், கடைக்காரர் கொப்பியில் உள்ள கடன் மெல்ல மெல்லக் குறையும் என்றும், முற்றத்தில் கொட்டிக் கிடக்கும் வேப்பம்பூவின் மேல் வலையை விரித்துப் போட்டு வீட்டார் எல்லோரும் பொத்துவார்கள் என்றும், தானும் சில நாள் பாடசாலைக்கு வரமாட்டான் என்றும் அவன் எழுதியிருந்தான். குயில் இல்லை; தென்றல் இல்லை. நாம் இருபதுக்கு ஏழு புள்ளி வழங்கினோம். 'பருவ வருணனை போதாது. தலைப்பை விட்டு விலகியது' என்று சிவப்பு மையால் குறிப்பும் எழுதினோம். ஏதோ ஒரு வழிகாட்டி நூலிலிருந்து இறங்கி வந்திருந்த மற்றொரு கட்டுரை பதினைந்து புள்ளி பெற்றது.

அடுத்த கிழமை அந்த மாணவன் அமரும் வாங்கு வெறுமையாக இருந்தது. சித்திரை விடுமுறை முடிந்த பின்னரும் அது நிறையவில்லை.

தலைப்பை விட்டு விலகியவன் அவனா, நாமா? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாண்டு பங்குனி முதற்கிழமையில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், உவர்மலைச் சரிவிலிருந்து இறங்கி, உட்துறைமுக வீதி வழியே நடந்து, நகரைக் கடந்து, கோட்டை வாசலைத் தாண்டிக் கரையோரமாகத் திருக்கடலூர்ப் பக்கம் வரை போய் வந்தோம். கையில் நூல் எதுவும் இல்லை. கண்ணில் பட்டதை மட்டுமே குறித்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தோம்.

முதலில் புலப்பட்டது காற்றல்ல, காற்றின் இன்மை. கார்த்திகையிலிருந்து தை வரை வடகீழ்த் திசையிலிருந்து வந்து கதவுகளை அறைந்துகொண்டிருந்த வாடை ஓய்ந்துவிட்டது. துறைமுகத்தின் நீர்ப்பரப்பு எண்ணெய் ஊற்றியதுபோல் அசைவற்றுக் கிடந்தது. இரண்டாவது அடையாளம் வேம்பு. மாசியில் பழுத்து உதிர்ந்த இலைகளின் இடத்தில் செம்பு நிறத் தளிர் நிறைந்து, சில மரங்களில் பூவும் தொடங்கியிருந்தது. மூன்றாவது ஒரு குரல். வைகறையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு இரட்டைக் குரலில் கூவும் ஆறுமணிக்குருவி, கோட்டைப் பக்கத்து மரச்செறிவில் இன்னும் கூவிக்கொண்டிருந்தது. பனிக்காலத்தைக் கழிக்க இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும் பறவை அது, சித்திரைக்குள் திரும்பிவிடும். குயில் கூவத் தொடங்குவதை இளவேனிலின் அடையாளமாக ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். ஆறுமணிக்குருவி கூவாமல் ஓய்வதும் அதே பருவத்தின் அடையாளந்தான் என்பதை எழுத நமக்குள் எவரும் முன்வரவில்லை. வருகின்றதைப் பாடப் பழகியவர்கள், போகின்றதைக் கவனிக்கப் பழகவில்லை.

கோட்டைக்குள்ளிருந்து வெளியேறிய புள்ளிமான் கூட்டமொன்று வீதியோரக் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றது. புல் காயத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவும் ஒரு சான்று. கரையை அடைந்ததும் பருவம் முழு உருவத்தில் நின்றது. மாரி முழுவதும் தென்னைகளின் அடியில் கவிழ்ந்து கிடந்த வள்ளங்கள் நிமிர்த்தப்பட்டிருந்தன. ஒருவர் கண்ணாடியிழைப் படகின் வெடிப்பை அடைத்துக்கொண்டிருந்தார். இருவர் மிதவைகளைக் கோத்துக்கொண்டிருந்தனர். பெண்கள் மூவர் பூவரச நிழலில் அமர்ந்து வலை பொத்தினர். பனிக்கட்டி ஏற்றிய லொறி ஒன்று மணலோரத்தில் வந்து நின்றது. அங்கேதான் நம் பழைய மாணவனைக் கண்டோம். மீசை அரும்பிய இளைஞனாகிவிட்டான். நம்மைக் கண்டதும் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான்.

"வாடை விழுந்திட்டுது, சேர். இனி எங்கட மாதங்கள்தான்" என்றான்.

வாடை ஓய்ந்ததை எப்படி அறிந்தாய் என்று கேட்டோம். நீரோட்டம் திரும்பிவிட்டதை வலையின் இழுவையில் கைகள் அறியும் என்றான். கலங்கிய நீர் தெளிந்து வருவதையும், காலைக் காற்று கரையிலிருந்து கடலுக்கும் மாலைக் காற்று கடலிலிருந்து கரைக்கும் ஒழுங்காக வீசத் தொடங்குவதையும், பகல் ஏறஏற மணல் எந்த நாழிகையில் காலைச் சுடுகிறது என்பதையும் அடுக்கிக்கொண்டே போனான். பத்து நிமிடத்தில் அவன் சொன்னவை, நாம் பல்கலைக்கழகத்தில் பருவம் பற்றிக் கற்றவற்றைவிடத் துல்லியமானவை. இவனுக்குத்தான் 'பருவ வருணனை போதாது' என்று எழுதினோம்!

இங்கே நம் பண்டித நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "தமிழுக்கு ஆறு பருவங்கள் உண்டு, இலக்கணம் உண்டு, மரபை அறியாமல் எழுதுவது எழுத்தாகுமா?" என்று கேட்பார்கள். மரபை நாமும் அறிவோம். ஆகவே மரபைக் கொண்டே விடை கூறுகிறோம். தொல்காப்பியம் முல்லைக்குக் காரையும், குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும், பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் பெரும்பொழுதாக வகுக்கிறது. மருதத்திற்கும் நெய்தலுக்கும் சிறுபொழுதை மட்டும் கூறி நிறுத்திவிடுகிறது. ஆகவே ஆறு பருவமும் இவற்றுக்கு உரியவை என்று உரைகாரர்கள் பொருள் கொண்டனர். திருகோணமலைக் கரை நெய்தல் நிலம். நமக்கென ஒரு பருவத்தை இலக்கணம் வரையறுத்துத் தரவில்லை. நீங்களே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று இடம் விட்டிருக்கிறது என்றே நாம் கொள்கிறோம். அந்த இடத்தைப் பொதிகைத் தென்றலால் நிரப்பச் சொன்னவர் யார்?

இன்னும் ஒன்று. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம் என்று மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். நம் ஊரில் ஆவணி எப்படிப்பட்ட மாதம்? தென்மேல் காற்று தீவின் மறுபுறத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, மலைநாட்டைக் கடந்து, ஈரம் வற்றிய வெங்காற்றாக நம் மீது இறங்கும் காலம் வைகாசியில் தொடங்கி ஆவணியையும் தொட்டு நீள்கிறது. இதனைக் கச்சான் என்று நம் மக்கள் அழைக்கின்றனர். நமக்குப் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரையில்தான். புத்தகத்தில் கார் என்று படிக்கும் மாணவன், வெளியே வந்து கிணற்றில் வாளியைவிட்டால் அடி தட்டுகிறது. இவற்றுள் எதை நம்புவது என்று அவன் கேட்பதில்லை. கேட்கக்கூடாது என்று நாம் பழக்கிவிட்டோம். கண்ணை விட்டு ஏட்டை நம்பு என்பதே நாம் கற்பித்த முதற் பாடம். ஆற்றங்கரைச் சமவெளியில் வாழ்ந்தவர்கள் தம் நிலத்தைப் பார்த்து எழுதினார்கள். அவர்களைப் பின்பற்றுவதென்றால் நாமும் நம் நிலத்தைப் பார்த்து எழுதுவது என்று பொருளேயன்றி, அவர்களின் நிலத்தைப் பார்த்து எழுதுவது என்று பொருளன்று.

பண்டிதர்களை மட்டும் குறை கூறினால் அது நீதியாகாது. ஆங்கிலப் பாடசாலைகள் இதே தீங்கை வேறு உடையில் செய்தன. வேர்ட்ஸ்வொர்த் 1807இல் வெளியிட்ட டாஃபடில் மலர்க் கவிதையை, அம்மலரை வாழ்நாளில் ஒருமுறையேனும் கண்டிராத பிள்ளைகள், ஏகாதிபத்தியத்தின் கொடி பறந்த நாடுகளிலெல்லாம் நெட்டுருப் போட்டார்கள். கவிஞர் குற்றவாளியல்லர், அவர் தம் ஏரிக்கரையில் நடந்து தாம் கண்டதை எழுதினார். அவரிடம் கற்க வேண்டியிருந்தது அந்த நடையை. நாம் கற்றுக்கொண்டதோ அந்தப் பூவை. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூல்களும் இலவசமாக வந்தன. மீனவர் பிள்ளையும் மேசையின் முன் அமர வழி பிறந்தது. மொழி நம்முடையதாயிற்று, ஆயினும் அம்மொழியில் சொல்லப்படும் பொருள் நம்முடையதாகவில்லை.

இது எளிதில் நேர்வதன்று என்பதற்கு நம் ஊரின் இலக்கிய வரலாறே சான்று. திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை 1895இல் 'மோகனாங்கி' என்ற நாவலை வெளியிட்டார். தமிழின் தொடக்ககால வரலாற்று நாவல்களுள் அது முன்னிற்பது. ஆனால் அதன் களம் நாயக்கர் காலத் தஞ்சையும் திருச்சியும். அந்தத் தலைமுறைக்கு இலக்கியம் என்பது அக்கரையில் நிகழ்வதாகவே இருந்தது. துறைமுகத்தின் மறுகரையாகிய மூதூரில் ஆசிரியராக இருந்த வ. அ. இராசரத்தினம், தோணி ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள ஏங்கும் கடலோரத்து இளைஞனைக் கதையின் நடுவில் நிறுத்துவதற்கு அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1960களின் தொடக்கத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், மக்கள் பேச்சையும் மண்வாசனையையும் இழிசனர் வழக்கு என்று ஒதுக்கியவர்களுக்கு எதிராகக் கைலாசபதியும் சிவத்தம்பியும் அவர்களின் தோழர்களும் வாதாடினார்கள். சிறுகதையில் அந்தப் போர் வென்றது. வகுப்பறைக் கட்டுரையில் அது இன்னும் தொடங்கவேயில்லை! கதையில் மீனவனைக் கண்டு கைதட்டும் ஆசிரியர், அவன் மகனின் கொப்பியில் அதே வாழ்வைக் கண்டால் சிவப்புப் பேனாவை எடுக்கிறார்.

இப்பொழுது நம் தோழர்களோடும் ஒரு வழக்கு உண்டு. "வயிற்றுக்குச் சோறில்லாதவனுக்கு வேப்பம்பூ எதற்கு? பருவ வருணனை ஓய்வுள்ள வர்க்கத்தின் பொழுதுபோக்கு, அதை விட்டுத்தள்ளிப் பசியை எழுதுங்கள்" என்று அவர்களுள் சிலர் கூறுகின்றனர். இக்கூற்று புரட்சிகரமாக ஒலிக்கிறது. உண்மையில் அது பணிந்துபோவதேயாகும். பருவத்தை முழுமையாக அறிந்தவன் உழைப்பாளி. வாடை விழும் நாளைத் தப்பாகக் கணித்தால் உயிர் போகும். பனையில் பாளை சீவும் காலம் பிழைத்தால் ஆண்டு வருவாய் போகும். வெயில் ஏறும் முன்னர் பாத்தி கட்டாவிட்டால் உப்பளத்தில் உப்பு விளையாது. இந்த அறிவு அவர்களின் உடைமை. அழகும் அதற்குள்ளேயே இருக்கிறது. வலை பொத்தும் பெண்களுள் ஒருவர் எழும்போது மடியில் விழுந்த பூவைத் தட்டிவிடாமல் ஒன்றை எடுத்து முகர்ந்ததை நாம் கண்டோம். பசித்தவனுக்கு மணம் தெரியாது என்று சொல்பவர் பசித்தவனை மனிதனாக மதிக்கவில்லை. முதலாளி அவனிடமிருந்து மீனின் பங்கை எடுக்கிறார். நாமோ அவனிடமிருந்து வேனிலையே எடுத்துவிடுவதா?

பருவம் எல்லோருக்கும் பொது, அதில் அரசியல் எங்கே வந்தது என்று மற்றொரு சாரார் கேட்பர். பொதுதானா என்று பார்ப்போம். பங்குனியின் தெளிந்த வானமும் அமைந்த கடலும் மீனவனுக்கு வாழ்வு. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், புத்தாண்டுக்குச் சில நாட்களே இருந்தபோது, அதே வானத்தின் வழியாகத்தான் ஜப்பானிய விமானங்கள் வந்து இத்துறைமுகத்தின் மீது குண்டு வீசின. இரு பேரரசுகளின் பகைக்கு நம் இளவேனில் களமாயிற்று. ஆங்கிலேயக் கடற்படை இத்தளத்தை ஒப்படைத்தது 1957 ஒக்டோபரில். அதற்குப் பின் வந்த உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில், கடல் அமைந்த இரவுகளிலும் படகுகள் கரையிலேயே கிடந்தன, தடை இருந்தது. போர் 2009இல் முடிந்தது. 2022இல் வாடை வழக்கம்போல் விழுந்தது. வேம்பு வழக்கம்போல் பூத்தது. ஆனால் மண்ணெண்ணெய் இல்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே முறையில் 340 ரூபாவாக உயர்ந்தது. கடல் திறந்திருந்தது; கடலுக்குப் போகும் வழி அடைபட்டது. இளவேனில் வருவதற்குக் காற்று மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூல் கற்பிக்கும்?

இன்று வடக்கே உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இளவேனிலுக்கு வேறொரு பெயர் வழங்குகிறது: 'சீசன்'. விடுதிகளுக்கு வெள்ளையடிக்கப்படுகிறது. நீலத் திமிங்கிலங்களைக் காட்டும் படகுகள் தயாராகின்றன. பயணிகள் வருவதை நாம் வெறுக்கவில்லை. பலருக்கு அதனால் வேலை கிடைக்கிறது. ஆனால் கரைவலை இழுப்பதற்கு நீண்ட மணற்கரை வேண்டும். கரை முழுதும் நாற்காலிகளாகிவிட்டால் வலை எங்கே ஏறும்? அம்பாப் பாட்டோடு கயிறு இழுப்பவர்களைப் பயணி படம்பிடித்துச் செல்கிறார். வலைக்கும் தோணிக்கும் உரியவரின் பங்கு போன பின்னரே இழுத்தவர்களின் பங்கு பிரிக்கப்படும் என்பது அந்தப் படத்தில் விழுவதில்லை. மேற்குக் கரையில் தென்மேல் காற்றால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துத் தொழிலாளர் கிழக்குக் கரைக்கு வந்து வாடி அமைக்கும் வழக்கம் பழையது. ஒரே காற்றுக்கு இரு கரையிலும் ஏழைகளே இடம் பெயர்கிறார்கள். ஒரே பாட்டுக்காக, அதாவது வலையிழுக்க ஒதுக்கிய அதே கரைத் துண்டுக்காக, அவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்டுப் பயன் பெறுபவர்கள் ஒருநாளும் கயிற்றைத் தொடுவதில்லை.

இவையெல்லாம் பருவத்தின் செய்திகளே. இவற்றை நீக்கிவிட்டு எஞ்சும் குயிலைத்தான் நாம் 'வருணனை' என்று புள்ளியிட்டு வளர்க்கிறோம். நம் வகுப்பறைக்கு இளவேனில் வந்ததன் முதல் அடையாளம் குயிலோசையன்று. வரவுப் பதிவேட்டில் விழும் சிவப்புக் கோடுகள். கடல் அமைந்ததும் கைகள் தேவைப்படுகின்றன. பெரியவரின் கூலி போதாத வீட்டில் சிறியவரின் கையும் கணக்கில் வருகிறது. பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்று 2016இல் விதி செய்தார்கள். விதி நல்லதே. ஆனால் வெற்று வாங்கைக் கண்டு பெயரை வெட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுமாயின், அந்த விதி யாருக்காக? அவன் தன் கொப்பியில் முன்கூட்டியே அறிவித்திருந்தான்: 'நானும் சில நாள் வரமாட்டேன்' என்று. அது ஒரு விண்ணப்பம். நாம் அதை நடைப்பிழை தேடி வாசித்தோம்.

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் சில வேண்டுகோள்கள். கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றும் ஒரு பருவக் கொப்பி வைத்திருக்கட்டும். வாடை விழுந்த நாள், வேம்பு பூத்த நாள், ஆறுமணிக்குருவி கடைசியாகக் கூவிய நாள், முதல் வலை ஏறிய நாள், மண்ணெண்ணெயின் விலை, வராத மாணவர் எத்தனை பேர் என அனைத்தும் அதில் பதியப்படட்டும். ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மலர்ந்த நாட்களைப் பற்றிய குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கின்றன. 2021இல் அது மார்ச் 26ஆம் நாளே முழுதும் மலர்ந்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் இவ்வளவு முந்தியதில்லை என்று அறிவியலாளர் கூற முடிந்ததற்கு அக்குறிப்புகளே காரணம். அவை பெரும்பாலும் அரசவையினரும் துறவிகளும் எழுதிவைத்தவை. நம் குறிப்பை மீனவர் பிள்ளைகள் எழுதட்டும். காலநிலை தடுமாறும் இந்நாளில் அவர்களின் தந்தையர் கையில் உள்ள அறிவு ஏட்டில் ஏறாமல் அழியுமாயின், அந்தக் குற்றம் எழுதத் தெரிந்த நம்மைச் சாரும்.

அதோடு, கடலுக்கும் வாடிக்கும் போய்த் திரும்பும் பிள்ளைகளுக்கு இழந்த பாடங்களை ஈடுசெய்யும் மாலை வகுப்புகளை நாமே நடத்துவோம். அவர்களின் பெற்றோரின் பங்குக்காகவும், கரைக்காகவும், எண்ணெய்க்காகவும் சங்கங்கள் குரல் எழுப்பும்போது, ஆசிரியர் சங்கங்களும் அருகில் நிற்கட்டும். வகுப்பறையில் இரக்கமும் வெளியில் மௌனமும் ஒருங்கே அமையா.

நம் பழைய மாணவனிடம் விடைபெறும்போது, அந்தக் கட்டுரைக் கொப்பி இருக்கிறதா என்று கேட்டோம். அவன் சிரித்தான். "கடைக்காரற்ற கொப்பிதான் சேர் இருக்குது" என்றான். இனி இளவேனிலைப் பற்றி எழுதச் சொல்லும் எந்த ஆசிரியரும், கரும்பலகைக்குப் போகுமுன் ஒருமுறை கரைக்குப் போய் வரட்டும். போக முடியாதவர் வகுப்பையாவது திரும்பிப் பார்க்கட்டும். எந்த வாங்கு வெறுமையாக இருக்கிறது என்று எண்ணட்டும். பருவத்தைப் பற்றிய பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.